செஸ்ல எவன்ஸ் காம்பிட் (ஆரம்பத்துலயே ஒரு சிப்பாயைத் தியாகம் பண்ற முறை) கத்துக்கணுமா, இந்த ஒரு கேமை போர்டுல வச்சுப் பாருங்க

1995ல ரிகா டோர்னமெண்ட்ல காஸ்பரோவ் நம்ம ஆனந்தை 25 மூவ்ல ஜெயிச்ச கேம் இது, நம்மாளு தோத்ததுங்கறது மனசுக்கு கஷ்டம்தான், ஆனா காம்பிட்னா என்னன்னு புரிய இதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியல.

காஸ்பரோவ் வெள்ளை, ஆனந்த் கருப்பு; வெள்ளை மூவ் முதல்ல, கருப்போட பதில் அடுத்து, காய் பேர் சொல்லாம கட்டம் மட்டும் சொன்னா அது சிப்பாய். முதல்ல இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, பிஷப் சி5. இப்ப பி4! 1820கள்ல எவன்ஸ்னு வேல்ஸ் நாட்டு கப்பல் கேப்டன் ஒருத்தர் கொண்டுவந்தது. பிஷப் அந்த சிப்பாயை வெட்டுனதும் சி3 தள்ளி அதை விரட்டுங்க, எங்க ஓடினாலும் அடுத்தது டி4. சிப்பாயைக் குடுத்து நாம வாங்குறது டைம்.

ஆனந்த் பிஷப்பை இ7க்கு இழுத்துட்டு, டி4 வந்ததும் குதிரையை ஏ5ல வச்சு சி4 பிஷப்பை மிரட்டுனாரு. இங்கதான் நாம அவசரப்பட்டு இ5 சிப்பாயை வெட்டிடுவோம், கணக்கு சரியாயிடும், ஆனா அந்த அருமையான பிஷப் போயிடும். காஸ்பரோவ் சத்தமில்லாம அதை இ2க்கு இறக்கிட்டாரு, அப்புறம் ஆனந்த் டி4ல வெட்ட, ராணியாலயே திருப்பி வெட்டுனாரு, ராணி நேரா ஜி7ஐ குறிவச்சு நிக்குது.

இப்ப ஒரு பேப்பர் எடுத்து கருப்போட ஒவ்வொரு மூவுக்கும் எந்தக் காய் நகந்துச்சுன்னு எழுதுங்க. முதல் 14 மூவ்ல குதிரைங்க மட்டும் 7 தடவை, அந்த ஒரே பிஷப் 3 தடவை! ராணி, ரெண்டு யானை, இன்னொரு பிஷப் எல்லாம் அப்படியே வீட்லயே இருக்கு, ராஜாவும் நடுவுல. வெள்ளை அதுக்குள்ள கேஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு, யானையை அவர் பக்கத்துக்கு ஒரே மூவ்ல கொண்டுபோறது) முடிச்சாச்சு. 15வது மூவ் பிஷப் ஹெச்6, ராஜா தாண்ட வேண்டிய எஃப்8 கட்டம் அடிபடறதால கருப்பு அந்தப் பக்கம் கேஸ்லிங் பண்ணவே முடியாது, அதுக்காக காஸ்பரோவ் தன்னோட இ5 சிப்பாயையும் விட்டுட்டாரு, ரெண்டு சிப்பாய் கம்மி, இருந்தும் ஆட்டம் அவர் கையில.

உங்க கேம்லயும் இதே மாதிரி வெளிய வந்த காய்களை எண்ணுங்க, சிப்பாயை எண்ணாதீங்க. கருப்பு ஆடுறீங்கன்னா வாங்குன சிப்பாயை கட்டிப்புடிச்சுட்டு இருக்காம, நேரம் பாத்து திருப்பிக் குடுத்துட்டு சீக்கிரம் கேஸ்லிங் பண்ணிடுங்க.

பி4ஐ வெட்டாம பிஷப்பை பி6க்கு இழுத்தா? பதறாதீங்க, ஏ4 தள்ளி அதை நெருக்குங்க.