ஆளில்லாத ரீஃப்ல குளிர்கால சர்ஃபிங்: ஃப்ரெண்டோட முதல் தடவை போறவங்களுக்கு

இது சர்ஃபிங்கே தெரியாதவங்களுக்கு இல்லைங்க, முதல்லயே சொல்லிடறேன். மணல் அடி இருக்கிற பீச்ல எழுந்து நிக்கத் தெரியும், உடையாத அலையப் பிடிச்சு ஒரு பக்கமா ஓட்டத் தெரியும், அடி வாங்கினாலும் பதறாம மேல வந்துடுவீங்க, ஆனா பாறை அடி இருக்கிற ரீஃப் பக்கம் போனதே இல்ல, அப்படின்னா இது உங்களுக்குத் தான். கூட்டம் இருக்கிற இடத்துல எங்க உக்காரணும், எந்த வழியா உள்ள போகணும்னு மத்தவங்களைப் பாத்தே காப்பி அடிச்சிடலாம். காலியா கிடக்கிற ரீஃப்ல அதெல்லாம் நீங்களும் உங்க ஃப்ரெண்டும் தான் கண்டுபிடிக்கணும், ஏதாவது ஆச்சுன்னா தூக்கவும் அவர் ஒருத்தர் தான்.

ஸ்டெப் 1: நாள் பாக்குறது

ஃபோர்காஸ்ட்ல அலை உயரத்தை மட்டும் பாத்துட்டு கிளம்பிடாதீங்க, பக்கத்துலயே பீரியட்னு செகண்ட்ல ஒரு நம்பர் இருக்கும் (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல ஆகுற நேரம்), ரீஃபுக்கு அது தான் முக்கியம். 1 மீட்டர் ஸ்வெல் (தூரத்துலேர்ந்து உருண்டு வர்ற அலை வரிசை) 7 செகண்ட்ல வந்தா சும்மா சலசலன்னு போயிடும், அதே 1 மீட்டர் 14 செகண்ட்ல வந்தா ரீஃப் மேல ஏறி நல்லா பெருசாயிடும். காரணம் இது தான்: 14 செகண்ட் ஸ்வெல்லோட அலைநீளம் ஆழ்கடல்ல கிட்டத்தட்ட 300 மீட்டர், அதுல பாதி ஆழம் வந்ததுமே அது அடிய உணர ஆரம்பிச்சிடும், அவ்ளோ கீழ வரைக்கும் அதோட சக்தி இருக்கு. குளிர்காலத்துல தூரத்துப் புயல்கள் இந்த மாதிரி நீளமான ஸ்வெல்லை அனுப்பும், அதனால முதல் தடவைக்கு உயரம் 1 மீட்டருக்குள்ள, பீரியட் 10, 11 செகண்ட் இருக்கிற நாளா பாருங்க.

காத்து கரையிலேர்ந்து கடல் பக்கம் மெதுவா அடிச்சா அலை முகம் வழவழன்னு நிக்கும். பலமா அடிச்சா வேண்டாம், கை சோந்து போனப்புறம் உங்களை வெளிய தள்ளிட்டே இருக்கும்.

அடுத்தது ஏத்தம் வத்தம். அலை தன்னோட உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்கு ஆழத்துல உடையும், அப்போ 1 மீட்டர் அலைக்கு கீழ நெஞ்சளவு தண்ணி தான், அதுக்கும் கீழ பாறை. நல்லா வத்தியிருக்கிற நேரத்துல போகாதீங்க, தண்ணி ஏறிட்டு இருக்கிற நடு நேரத்துல இறங்கினா போகப் போக ஆழம் கூடும்.

ஸ்டெப் 2: என்ன போட்டுக்கிறது

தண்ணி 18, 19 டிகிரி இருந்தா 3/2 மில்லி வெட்சூட்டே (ரப்பர் உடை, உடம்புல 3 மில்லி, கை கால்ல 2 மில்லி தடிமன்) பெரும்பாலும் போதும், 15, 16னா 4/3, 12, 13ம் அதுக்கும் கீழயும்னா 5/4 போட்டு கூடவே பூட்ஸ், கிளவுஸ், தலைக்கு ஹூட். ரீஃப்னா தண்ணி சூடா இருந்தாலும் பூட்ஸ் போடுங்க, பாறையும் முள்ளும் காலை கிழிச்சிடும். சூட் உடம்போட ஒட்டி இருக்கணும், லூசா இருந்தா ஒவ்வொரு அலைக்கும் முதுகுல ஜில்லுன்னு புதுத் தண்ணி பாயும். போட கஷ்டமா இருந்தா கால்ல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிட்டு விட்டா வழுக்கிட்டு போயிடும். போர்டு வழக்கமா ஓட்டுறதை விட கொஞ்சம் பெருசா எடுங்க, தடிச்ச ரப்பரோட துடுப்பு போடறப்போ தோள் சீக்கிரம் செத்துடும். கால் வழுக்காம போர்டு மேல தேய்க்கிற வேக்ஸ் குளிர் தண்ணிக்கானது தான் வேணும், மத்தது கல்லாட்டம் ஆயிடும். போர்டைக் காலோட கட்டுற லீஷ்ல கீறல் இருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க.

ஸ்டெப் 3: கரையில உக்காந்து அரை மணி நேரம் பாக்குறது

இதை யாரும் பண்ண மாட்டாங்க, சூட்டைப் போட்டதும் ஓடணும்னு தான் தோணும். உக்காருங்க. அலைங்க கூட்டமா வரும், நாலஞ்சு பெருசா வரும், அப்புறம் ரொம்ப நேரம் அமைதி, அந்த அமைதியப் பாத்து "இன்னிக்கு சின்னது தான் மச்சி"ன்னு இறங்கினா அடுத்த செட் தலைல இறங்கும். அதனால ரெண்டு மூணு செட்டாவது பாத்துடுங்க.

பாக்கும்போது மூணு விஷயம் தேடுங்க. ஒண்ணு, அலை முதல்ல உடையிற இடம், ரீஃப்ல அது பெருசா நகராது, ரீஃபோட சுகமே அது தான். ரெண்டு, சேனல், அதாவது ரீஃபுக்குப் பக்கத்துல அலையே உடையாம கருப்பா கிடக்கிற ஆழமான பாதை, போறதும் வர்றதும் அது வழியா தான். மூணு, தண்ணி மேல வட்டமா கொப்பளிச்சு வழவழன்னு ஒரு திட்டு தெரியும், அலை கடந்து போனப்புறமும் அதே இடத்துல சுழன்டுட்டு இருக்கும், கீழ பாறை முட்டிட்டு நிக்குதுன்னு அர்த்தம். அது எங்கன்னு ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கை காட்டி பேசிக்கோங்க, நீங்க பாக்காதது அவர் கண்ல படும்.

அப்படியே கைச்சைகையும் பேசி வச்சுக்கோங்க. ஒரு கையைத் தலைக்கு மேல ஆட்டினா உதவி வேணும், உச்சந்தலைல கை வச்சா நல்லா இருக்கேன்.

ஸ்டெப் 4: இறங்குறது

முகத்துலயும் கழுத்துலயும் முதல்ல தண்ணி தெளிச்சுக்கோங்க. குளிர் தண்ணி பட்டதும் மூச்சு தானா இழுக்கும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும், அது வரைக்கும் ஆழமில்லாத இடத்துலயே நில்லுங்க. அப்புறம் ஒரு செட் முடிஞ்சதும் சேனல் வழியா சுத்தி போங்க, நேரா போனா கிட்டங்கிற ஆசை வேண்டாம். வெளிய போனதும் கரையில ஒரு மரமும் அதுக்குப் பின்னாடி ஒரு கட்டடமோ மேடோ ஒரே கோட்டுல வர்ற மாதிரி அடையாளம் வச்சுக்கோங்க, அந்தக் கோடு உடைஞ்சா நீங்க நகந்துட்டீங்க.

ஸ்டெப் 5: ஓட்டுறது, விழுறது

முதல் சில அலைய ஓரத்துல, சேனல் பக்கமா பிடிங்க. ரெண்டே பேர் தானேன்னு ஒரே அலைக்கு பாயாதீங்க, அலை உடையிற முனைக்கு யார் கிட்ட இருக்காரோ அலை அவரோடது. மாத்தி மாத்தி பிடிச்சா இன்னொரு லாபம், ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பாத்துட்டு இருப்பார். விழுந்தவரோட தலை தண்ணிக்கு மேல வந்துச்சான்னு பாத்துட்டு தான் அடுத்த அலைய நினைக்கணும்.

விழுறது தான் இங்க நிஜமான பாடம். தலை முதல்ல குதிக்காதீங்க, காலை நீட்டி நிக்கவும் பாக்காதீங்க, கை கால விரிச்சு தட்டையா மேலாக்க விழுங்க, அப்புறம் ரெண்டு கையாலயும் தலையையும் பிடரியையும் மூடிக்கோங்க. மேல வரும்போதும் கை முன்னாடி இருக்கட்டும், உங்க போர்டே மேல விழலாம்.

ஸ்டெப் 6: ஏறுறது

குளிர்ல உடம்பு தனக்குத் தானே பொய் சொல்லும், அதனால உங்களை நீங்க நம்பாதீங்க, ஃப்ரெண்டைப் பாருங்க. பேச்சு குழறுது, கேட்டதுக்கு லேட்டா பதில் வருது, நடுக்கம் நிக்கல, எழுந்திரிக்கவே திணறுறார்னா "இன்னும் ஒரே ஒரு அலை"ங்கிற பேச்சே கிடையாது, ரெண்டு பேரும் ஏறணும். பகல் சின்னதுங்கிறதையும் மறக்காதீங்க, இருட்டினா சேனல் கண்ணுக்குத் தெரியாது. வந்த அதே சேனல் வழியா வாங்க, அவசரத்துல ரீஃப் மேல நடந்து வர்றதெல்லாம் வேண்டாம்.

கரைக்கு வந்ததும் ஈர சூட்டை உடனே கழட்டிட்டு தலையைத் துவட்டி தொப்பி மாட்டுங்க, விரல் மரத்துப் போய் ஜிப் பிடிபடாது, ஒருத்தருக்கொருத்தர் இழுத்து விடணும். பாறைல சிராய்ப்பு இருந்தா சின்னதுன்னு விடாதீங்க, நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு உள்ள ஒட்டியிருக்கிற துகள் போற வரைக்கும் கழுவுங்க, அடுத்த நாள்ல சுத்தி சிவந்து சூடாச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.