ராட்டினத்தோடு நிழலும் ஏன் சுற்றுகிறது? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லேயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசையும் படங்கள் செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு ராட்டினத்தை வரைந்து, அதற்கு நிழல் தரும் டிராப் ஷேடோ எஃபெக்ட் போட்டு, ரொட்டேஷனில் இரண்டு கீஃப்ரேம் (எந்த நேரத்தில் எவ்வளவு என்று குறிக்கும் புள்ளி) வைத்துப் பாருங்கள். ராட்டினம் சுற்றும், கூடவே நிழலும் சுற்றும். வலப்பக்கம் கீழே விழுந்த நிழல், அரைச்சுற்று முடிவதற்குள் இடப்பக்கம் மேலே போய் நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைச் சரிசெய்ய நிழலின் திசைக்கும் எதிர்ப்பக்கமாகக் கீஃப்ரேம் வைப்பார்கள். ராட்டினத்தின் வேகத்தை மாற்றினால் அந்த உழைப்பு முழுவதும் வீண்.

லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அது பாதி உண்மைதான். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளும் தனியாகக் கணக்கிடப்படுகிறது, அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் லேயரின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் மாஸ்க், அடுத்து எஃபெக்ட், பிறகு இடம், அளவு, சுழற்சி எல்லாம் அடங்கிய டிரான்ஸ்ஃபார்ம், கடைசியில் லேயர் ஸ்டைல். நீங்கள் எதை முதலில் போட்டீர்கள் என்பது கணக்கில் வராது. நிழல் ஏற்கெனவே விழுந்து முடிந்த படத்தைத்தான் மென்பொருள் சுழற்றுகிறது. ஆகவே எஃபெக்டை எடுத்துவிட்டு, லேயர் ஸ்டைலில் இருக்கும் டிராப் ஷேடோவைப் போடுங்கள். சுழற்சிக்குப் பிறகு கணக்கிடப்படுவதால் நிழல் ஒரே திசையில் நிற்கும்.

இன்னொரு வழி ப்ரீகாம்ப், அதாவது லேயரைத் தனியொரு காம்புக்குள் (காம்பொசிஷன், லேயர்களை அடுக்கும் களம்) போட்டு, அந்தக் காம்பையே ஒரு லேயராக வைப்பது. ஆனால் அதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது. ப்ரீகம்போஸ் கொடுத்ததும் வரும் இரண்டு தேர்வுகளைப் படிக்காமல் ஓகே அழுத்துவது பலருக்கும் பழக்கம். ‘லீவ் ஆல்’ என்றால் மூலப்படம் மட்டும் உள்ளே போகும். எஃபெக்டும் கீஃப்ரேமும் வெளியிலேயே தங்கும். நம் ராட்டினத்துக்கு அதனால் பயனில்லை. ‘மூவ் ஆல்’ என்றால் எல்லாம் உள்ளே போய்விடும், நிழலும் சேர்த்து. சுழற்சியை உள்ளே விட்டுவிட்டு, நிழலை மட்டும் வெட்டி வெளியிலுள்ள ப்ரீகாம்ப் லேயரில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் வரிசை மாறும்.

ப்ரீகாம்பை நகலெடுக்கும்போது நடக்கும் தவறு இதைவிட மோசம். ஒரு கலந்துரையாடல் நிகழ்ச்சிக்கு நான்கு பேருக்குப் பெயர்ப்பட்டை செய்யும் வேலை எனக்கு வந்தது. ஒன்றைச் செய்து முடித்து, டைம்லைனில் கன்ட்ரோல் டி அழுத்தி மூன்று நகல் எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பெயரை மாற்றினேன். ரெண்டர் ஆகி வந்ததும் பார்த்தால் நான்கு பேருக்கும் கடைசியாக அடித்த அதே பெயர். டைம்லைனில் எடுப்பது காம்பின் நகல் அல்ல, அதே காம்பை இன்னொரு முறை கூப்பிடுவதுதான். புராஜெக்ட் பேனலில் அந்தக் காம்பைத் தேர்ந்தெடுத்து அங்கே நகலெடுங்கள். அதற்குள் இன்னொரு ப்ரீகாம்ப் இருந்தால் அதையும் தனியாக நகலெடுத்து மாற்றிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எல்லா நகலுக்கும் பொதுவாகவே இருக்கும். பட்டைகள் நிறைய என்றால், பெயர் எழுத்தை எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பேனலில் சேர்த்துவிடுவது மேல். காம்ப் ஒன்றே இருக்கும், பெயரை வெளியிலிருந்தே ஒவ்வொரு லேயருக்கும் மாற்றலாம்.

இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த லோகோவை 400 சதவீதம் பெரிதாக்கினால் மங்குகிறதா? லேயரில் இருக்கும் சூரியன் வடிவ ஸ்விட்சைப் போடுங்கள். வெக்டர் லேயரென்றால் (பிக்சல்களாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமித்தது) ஒவ்வொரு அளவிலும் புதிதாக வரையப்படும். ஆனால் இந்த ஸ்விட்ச் மேலே சொன்ன வரிசையையும் மாற்றிவிடுகிறது: டிரான்ஸ்ஃபார்ம் முதலில், எஃபெக்ட் பிறகு. அளவைக் கூட்டும்போது கூடவே பெரிதாகிக்கொண்டிருந்த ப்ளர், ஸ்விட்ச் போட்டதும் பெரிதாவதை நிறுத்திவிடும். எஃபெக்டுகளைச் சரிபார்ப்பதற்கு முன்பே ஸ்விட்சைப் போட்டுவிடுவது நல்லது.

த்ரீடி லேயர்களுக்கு நடுவில் ஒரு டூடி லேயரையோ, தனக்குக் கீழே இருப்பவற்றுக்கெல்லாம் எஃபெக்ட் தரும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரையோ செருகிவிட்டு, நிழல் விழவில்லையே என்று விளக்கைத் திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது விளக்கில் இல்லை. அந்த ஒற்றை லேயர் த்ரீடி கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றன்மீது ஒன்று நிழல் போடாது, ஒன்றையொன்று ஊடுருவாது. அட்ஜஸ்ட்மென்ட் லேயரை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோங்கள்.

மற்ற லேயர்களை ஒரு நல் லேயருக்கு (படம் எதுவும் இல்லாத வெற்று லேயர்) பேரண்ட் செய்துவிட்டு, அதாவது அதன் அசைவைப் பின்பற்ற வைத்துவிட்டு, அந்த நல் லேயரின் ஒப்பாசிட்டியைக் குறைத்தால் பிள்ளை லேயர்கள் மறையாது. ஒப்பாசிட்டி மட்டும் வாரிசாக வருவதில்லை. லேயர் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த ஆங்கர் பாயிண்ட்டைக் கீஃப்ரேம் வைக்கும் முன்பே சரியான இடத்தில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, வெளியிலிருந்து வரும் லோகோ கோப்புகளைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு தெரிவது. ஒரு பிக்சலின் நிறத்தை அதன் ஆல்ஃபாவால் (ஒளிபுகாமையின் அளவு) முன்கூட்டியே பெருக்கிச் சேமிக்கும் முறையை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய ஆய்வுக்கட்டுரை நிலைநிறுத்தியது. அப்படிச் சேமித்த கோப்பில், பாதி ஒளிபுகும் வெள்ளை விளிம்பு, முழு வெள்ளைக்குரிய 255 ஆக இல்லாமல் ஏறக்குறைய 128 என்று சாம்பலாக இருக்கும். மென்பொருள் அதை ‘ஸ்ட்ரெயிட்’ (பெருக்காமல் சேமித்தது) என்று எடுத்துக்கொண்டால், சாம்பலையே உண்மையான நிறமாக நினைத்து மறுபடியும் ஆல்ஃபாவால் பெருக்கும். வெள்ளைப் பின்னணியில் அழுக்கு விளிம்பு வருவது அதனால்தான். இதற்கு மேட் சோக்கர் போட்டு விளிம்பைச் சுரண்டாதீர்கள். முடியிழை, புகை போன்ற மெல்லிய பகுதிகள் எல்லாம் போய்விடும். புராஜெக்ட் பேனலில் கோப்பைத் தேர்ந்தெடுத்து, இன்டர்பிரட் ஃபுட்டேஜில் ஆல்ஃபாவை ‘ப்ரீமல்டிப்ளைட்’ என்று மாற்றி, நிறம் கறுப்பு என்று குறியுங்கள். விளிம்பு மறைந்துவிடும், முடியிழை அப்படியே இருக்கும்.