காட்டோரம் நடந்து, அணையில் தூண்டில் போட ஒரு நாள்

தூண்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒகேனக்கல் காட்டுக்குள் இறங்கிவிடலாம் என்ற நினைப்பிருந்தால் முதலில் அதை விடுங்கள். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் இரண்டு சரணாலயங்கள் வந்தாகிவிட்டன. சரணாலயம் இல்லாத காப்புக்காட்டிலும் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி வழக்குதான். காவிரியில் முதலையும் உண்டு, சொல்லிவிட்டேன்.

நானும் கூட்டாளியும் போவது பாலக்கோடு பக்கம், பஞ்சப்பள்ளி சின்னாறு அணைக்கு. மாரண்டஅள்ளியில் டீ குடித்துவிட்டு, ஊர்க்காரர்கள் ஆடு ஓட்டிப் போகும் தடத்தில் காட்டு எல்லையைத் தாண்டாமல் இரண்டு மணி நேரம் நடை, அப்புறம் அணைக்கரை. மலையேறித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் வனத்துறையின் மலையேற்றப் பாதைகளில் முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போங்கள்.

நடை விடிந்த பிறகுதான், இருட்டோடு கிளம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகப் பக்கமிருந்து யானைகள் வரும், ராகி கதிர் பிடிக்கும் நேரம் அது. கிளம்பும் முன் ஊரில் ஒருவரைப் பிடித்து "ராத்திரி யானை வந்துச்சாங்க?" என்று கேளுங்கள், எந்த செயலியையும்விட அவருக்குத்தான் தெரியும். வழியில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் குனிந்து பாருங்கள். காய்ந்து வெளுத்திருந்தால் பழசு. பசபசவென்று ஈரமாக, சூடு ஆறாமல் இருந்தால் போட்டோ எடுக்காமல் வந்த வழியே திரும்புங்கள்.

அணையிலும் ஏரியிலும் மீன் பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டை நிச்சயம். கேட்டால் சிலர் விடுவார்கள், சிலர் மாட்டார்கள், இல்லையென்றால் வேறு ஏரி பாருங்கள். மதகு திறந்திருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சாமான் பெரிதாக வேண்டாம். மூங்கில் கம்பு, நரம்பு (தூண்டில் நூல்), சின்ன தூண்டில் முள், ஒரு ஈயக்குண்டு. தக்கைக்குப் பழைய ரப்பர் செருப்பில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் போதும். இரைக்கு, எரு குழி ஓரத்தில் தோண்டிய மண்புழுவைக் கொட்டாங்குச்சியில் ஈரமண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வழக்கம் இன்னொன்று இருக்கிறது: மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் ராகிக் களியில் ஒரு பிடி கிள்ளி முள்ளில் ஏற்றுவது. வெறும் களிக்குப் பிசுக்கு கிடையாது, தண்ணீரில் உதிர்ந்துவிடும். கொஞ்சம் மைதா சேர்த்து சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டினால் நிற்கும்.

முள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கும்படி தக்கையை நகர்த்திக் கட்டுங்கள். முதலில் ஜிலேபி மீன் வரும். அது இரையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், தக்கை நடுங்கும், அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை படுத்து நகர்ந்தாலோ ஒரேயடியாக உள்ளே போனாலோ மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள், கை முழுவதையும் வீச வேண்டாம். என் கூட்டாளி ஒவ்வொரு முறையும் வீசுவான், நரம்பு பின்னால் இருக்கும் உன்னிச்செடியில் போய்ச் சிக்கும், அதை எடுக்க அரை மணி நேரம். போதாததற்குப் போனில் பாட்டு வேறு. "மாப்ள, நிறுத்துடா" என்று கத்தியதில் மிச்சமிருந்த மீனும் போனது.

கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரண்டு பக்கமும் முள் இருக்கிறது, குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும். துணியைப் போட்டுத் தரையில் அமுக்கிக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும், வீங்கினால் ஆஸ்பத்திரி. விரலளவு குஞ்சுகளைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

நான்கு மணிக்குச் சுருட்டிவிட வேண்டும். பொழுது சாய்ந்தால் அதே கரைக்கு யானையும் தண்ணீர் குடிக்க வரும். அறுந்த நரம்பைப் பொறுக்கிப் பையில் போடுங்கள், ஆடு மாட்டுக் காலில் சுற்றிக்கொள்ளும். காட்டோரம் அடுப்பு மூட்டி வறுக்கும் ஆசையும் வேண்டாம், ஒரு பொறி போதும். வீட்டுக்குக் கொண்டுவந்து சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து, கல் உப்பும் மஞ்சளும் தடவி, புளித்த மோரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் ஜிலேபியின் சேற்று வாடை போய்விடும்.