ஷீல்டும் ஆர்மரும் ஒரே கப்பலில் எதற்கு?

அக்கா மகன் பெருந்துறையிலிருந்து லேப்டாப்போடு வந்திருந்தான். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கப்பல் விளையாட்டில் புதிதாக வாங்கிய காரகல் கப்பலைக் காட்டினான். கப்பலைச் சுற்றி நிற்கும் ஆற்றல் கவசமான ஷீல்டைக் கூட்டும் எக்ஸ்டெண்டர் இரண்டு, கீழே உலோகக் கவசமான ஆர்மரைக் கூட்டும் கனமான பிளேட் ஒன்று. "ரெண்டும் இருந்தா இன்னும் நல்லதுதானுங் மாமா?"

இல்லை மாப்ள. புதியவர்கள் அதிகம் செய்யும் தவறே இதுதான்.

ஷீல்டு சாமான்கள் பெரும்பாலும் மிட் ஸ்லாட் என்ற நடு வரிசை இடங்களில் உட்காரும், ஆர்மர் சாமான்கள் கீழ் வரிசையான லோ ஸ்லாட்டில். காரகலுக்கு மிட் 5, லோ 4. ஏவுகணையின் அடியைக் கூட்டும் பாலிஸ்டிக் கண்ட்ரோலும் அதே லோ ஸ்லாட்டில்தான் மாட்ட வேண்டும். அங்கே பிளேட்டைப் போட்டால் அடி குறையும். பிளேட்டின் எடையால் கப்பல் மந்தமாகும். எக்ஸ்டெண்டரோ கப்பலின் சிக்னேச்சரை, அதாவது குறிவைப்பவனுக்குத் தெரியும் அளவை, பெரிதாக்கும், எதிரியின் பெரிய பீரங்கிக்குக் குறி எளிதாகிவிடும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் திருச்செங்கோட்டு ரிக் லாரி மாதிரி அசைந்துதான் போகும். அதைக் குறி தவற விடுகிறவன் யார்?

ரிப்பேர் சாமான்களிலும் இதே கதை. ஷீல்டு கிணறு போலத் தானாக ஊறும், ஆர்மர் ஊறாது. அதனால் ஷீல்டு பூஸ்டரும் ஆர்மர் ரிப்பேரரும் சேர்த்தே மாட்டுகிறார்கள். இரண்டும் குடிப்பது கப்பலின் மின்தேக்கியான ஒரே கெபாசிட்டரை. ஒரே போர்வெல்லில் இரண்டு மோட்டார் இறக்கினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சரி, ஷீல்டு மட்டும் என்று முடிவெடுத்த பிறகும் ஒரு வழுக்கல் உண்டு. டெக் ஒன் என்ற அடிப்படை ரகக் கப்பல்களின் ஷீல்டுக்கு எக்ஸ்ப்ளோசிவ் (வெடிப்பு அடி) தடுப்பு பிறவியிலேயே 50 சதவீதம், இஎம் (மின்காந்த அடி) தடுப்பு பூஜ்யம். ஓட்டையை அடைக்காமல் ஏற்கெனவே தேறிய பக்கத்துக்கே தடுப்பைக் கூட்டும் ஹார்டனர் அடுக்குவார்கள். ஒரே வகையில் இரண்டாவது மாட்டினால் அது தன் பலத்தில் சுமார் 87 சதவீதம்தான் வேலை செய்யும், மூன்றாவது 57, நான்காவது 28. நான்காவதற்குக் கொடுத்த காசு தண்டம்.

ஷீல்டையும் ஆர்மரையும் கலக்காதே என்பதற்கு டேமேஜ் கண்ட்ரோல் என்ற சாமான் மட்டும் விதிவிலக்கு. லோ ஸ்லாட்டில் இருந்தாலும் ஷீல்டு, ஆர்மர், ஹல் (கப்பலின் உடற்கூடு) மூன்றுக்கும் உதவும். ஒன்று போதும்.

விளையாட்டில் வரும் அமார் பேரரசின் கப்பல்களுக்குப் பெரும்பாலும் லோ ஸ்லாட் அதிகம், அங்கே பிளேட்டுக்கு மரியாதை உண்டு. எதை வாங்கினாலும் முதலில் விளையாட்டின் ஒத்திகைத் திரையான சிமுலேஷனில் மாட்டிப் பாருங்கள். இந்த விளையாட்டில் வெடித்த கப்பல் திரும்பி வராது.

பிளேட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பாலிஸ்டிக் கண்ட்ரோல் மாட்டினான். அப்புறம், சாமான்களை இயக்கும் கப்பலின் கணினித் திறனான சிபியு பத்தவில்லை என்றான். அது தனிப் பஞ்சாயத்து.