ஸ்டோரேஜ் டிராஃபிக்குக்கு முன்னுரிமை கொடுக்கும்போது ஸ்விட்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போர்ட் 30 சதவீதம்தான் ஓடுகிறது, நெட்வொர்க்கில் கோளாறு இல்லை." இப்படிப் பதில் போட்டு மூடிய டிக்கெட்டுகள் எத்தனையோ! ஐந்து நிமிடச் சராசரி கிராஃபை நம்புவதுதான் முதல் தவறு. நான்கு ஸ்டோரேஜ் நோடுகள் ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் பதில் அனுப்புகின்றன என்று வையுங்கள். எல்லாமே 25 கிகாபிட் போர்ட்டுகள். உள்ளே வருவது 100, வெளியே போவது 25. மிச்சம் ஸ்விட்சின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், குவியும். ஒரு மில்லி விநாடியில் 9 மெகாபைட்டுக்கு மேல். பல ஸ்விட்சுகளில் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்தே சில பத்து மெகாபைட் பஃபர்தான் இருக்கும். அந்த ஒரு மில்லி விநாடி, ஐந்து நிமிடச் சராசரியில் காணாமல் போய்விடும். எனவே கியூ (பாக்கெட்டுகள் வெளியேறக் காத்திருக்கும் வரிசை) வாரியான டிராப் (இடமில்லாமல் தொலைந்த பாக்கெட்டுகள்), கியூ தொட்ட உச்ச அளவு, இவை இரண்டையும் பாருங்கள்.

அடுத்தது, விதி எழுதியாயிற்று, முன்னுரிமை கிடைத்துவிட்டது என்று நினைப்பது. நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை அணுகும் ஐஸ்கஸிக்கு (iSCSI) டிசிபி போர்ட் எண் 3260. டிராஃபிக்கை வகை பிரிக்கும் விதிப் பட்டியலான ஏசிஎல்லில் (ACL) டெஸ்டினேஷன் போர்ட் 3260 என்று மட்டும் எழுதினால், டிஸ்க்கில் எழுதப் போகும் டேட்டா சரியான கியூவுக்குப் போகும். படித்த டேட்டா திரும்பி வரும்போது 3260 சோர்ஸ் போர்ட்டாக இருக்கும். அது சத்தமில்லாமல் சாதாரண கியூவில் விழும். நானும் இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன். சர்வரே பாக்கெட்டில் டிஎஸ்சிபி (DSCP) என்ற முன்னுரிமைக் குறியிட்டு அனுப்பினாலும், வழியில் ஒரு ஸ்விட்ச் அந்தக் குறியை மதிக்காவிட்டால் அதே கதைதான். கான்ஃபிகை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு டெஸ்ட் ரீட் ஓடவிட்டு, வழியிலுள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் அந்தக் கியூவின் கவுண்டர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சரி, ஸ்டோரேஜ் முக்கியம்தானே என்று அதை ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டியில் (இந்தக் கியூ காலியாகும்வரை மற்றவை காத்திருக்கும்) போடுகிறவர்களும் உண்டு. ஸ்டோரேஜ் எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும்; கெட்ட டிஸ்க்கின் டேட்டாவை மீண்டும் உருவாக்கும் ரீபில்ட் தொடங்கினால் மற்ற கியூக்கள் பட்டினிதான். ஸ்ட்ரிக்ட் கியூவை ரூட்டிங் போன்ற கன்ட்ரோல் டிராஃபிக்குக்கு விட்டுவிட்டு, ஸ்டோரேஜுக்குக் குறைந்தபட்சப் பங்கு ஒன்றை ஒதுக்குங்கள். பேக்கப்பை அதே வகுப்பில் சேர்க்காதீர்கள்.

ஈதர்நெட் வழியாக ஒரு சர்வரின் மெமரியை இன்னொன்று நேரடியாக அணுகும் ரோக்கி (RoCE) பயன்படுத்தும் இடங்களில் இன்னொரு சறுக்கல்: எட்டு பிரையாரிட்டியிலும் பிஎஃப்சியை (PFC, பிரையாரிட்டி வாரியாக டிராஃபிக்கை நிறுத்தும் வசதி) ஆன் செய்வது. ஸ்டோரேஜின் ஒரு பிரையாரிட்டிக்கு மட்டும் போதும். பிஎஃப்சி பாக்கெட்டைத் தொலைக்காமல், அனுப்புகிறவரை நிறுத்தி வைக்கும். ஒரு சர்வரின் கார்டு கெட்டு "நிறுத்து" என்று சொல்லும் பாஸ் (pause) ஃபிரேமை ஓயாமல் அனுப்பினால், நெரிசல் பின்னோக்கிப் பரவி, சம்பந்தமில்லாத சர்வர்களும் நிற்கும். நெடுநேரம் நின்றுபோன கியூவைக் கண்டுபிடிக்கும் பிஎஃப்சி வாட்ச்டாகை ஆன் செய்திருந்தால் அது அந்தக் கியூவோடு அடங்கிவிடும். அப்புறம், நெரிசல் வருகிறது என்று பாக்கெட்டில் ஈசிஎன் (ECN) குறியிடும் வரம்பு பிஎஃப்சி வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் பாஸ் போகும் முன்பே சர்வர் வேகத்தைக் குறைக்கும்.

பிஎஃப்சி ஓடும் இடத்தில் டிராப் கவுண்டர் பூஜ்யமாகவே நிற்கும், அப்ளிகேஷன் மட்டும் திணறும். அப்போது பாஸ் ஃபிரேம் கவுண்டர் எந்தப் போர்ட்டில் வேகமாக ஏறுகிறது என்று பார்த்து, அங்கிருந்து தேடலைத் தொடங்குங்கள்.