சுவிஸ் வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

புதிதாகப் பாடக்குறிப்பு எழுத வந்த இருவர் முதல் வரியிலேயே நான் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடத்தில் சறுக்கியிருந்தார்கள். சுவீடன், சுவிட்சர்லாந்து குழப்பத்தையெல்லாம் விடுங்கள், அதைப் பிழை திருத்துபவரே பார்த்துக்கொள்வார்.

1291இல் நாடு பிறந்ததாம்

இதைப் படித்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இந்த ஒரு வரிக்காக, அச்சாகி வந்த 500 பிரதிகளிலும் வெள்ளைத்தாளைக் கீற்றாக வெட்டி ஒட்டினேன்; இரண்டு இரவு, விரலெல்லாம் மைதாப் பசை.

அந்த வருடம் ஊரி, ஷ்வீஸ், உன்டர்வால்டன் என்ற மூன்று மலைநாட்டுச் சமூகங்கள் செய்தது, ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்ற சத்தியம்தான். அந்த லத்தீன் பத்திரமே அவரவர் தம் எஜமானுக்குரிய ஊழியத்தைச் செய்யட்டும் என்கிறது. தனிநாடு காண்கிறவன் இப்படியா எழுதுவான்?

அப்புறம் லூசர்ன் 1332, சூரிச் 1351, பெர்ன் 1353 என்று பட்டியல் போட்டு 'இணைந்தன' என்று எழுதிவிடுகிறோம், ஏதோ சந்தா கட்டிச் சங்கத்தில் சேர்ந்த மாதிரி. எல்லோரையும் கட்டிய ஒரே ஒப்பந்தம் கிடையாது. பெர்ன் 1291இல் சத்தியம் செய்த அந்த மூன்று சமூகங்களோடு ஒப்பந்தம் போட்டதே தவிர, சூரிச்சோடு நேரடியாக அல்ல. 1440களில் சூரிச்சே ஹாப்ஸ்பர்க் என்ற ஆஸ்திரிய அரச வம்சத்தின் பக்கம் போய்த் தன் கூட்டாளிகளுடன் சண்டை போட்டது! 1513இல் உறுப்பினர்கள் 13 ஆன பிறகும் பொதுவாக இருந்தது தூதர்கள் கூடும் சபைதான். ஊரில் சொல்லி அனுப்பாத விஷயம் வந்தால், திரும்பிப் போய்க் கேட்டுவர வேண்டும்.

நெப்போலியனைத் தாண்டிப் போவது

1798இல் பிரெஞ்சுப் படை வந்து ஒற்றையாட்சியைத் திணித்தது. ஒத்துவரவில்லை. 1803இல் நெப்போலியனே கான்டன்களை, அதாவது தன்னாட்சி மாநிலங்களை, திருப்பிக் கொடுத்தார், 19 ஆக. 1798 வரை மற்றவர்கள் ஆண்டுவந்த ஆர்காவ், வோ போன்ற பகுதிகள் சமமான கான்டன்களானது அப்போதுதான்.

'சண்டையில்லாமல் கூட்டாட்சி'

1847 நவம்பரில் உள்நாட்டுப் போரே நடந்தது. தனிக்கூட்டு அமைத்த ஏழு கத்தோலிக்கக் கான்டன்களைத் தளபதி டூஃபூர் ஒரு மாதத்துக்குள் பணிய வைத்தார். செத்தவர்கள் ஏறக்குறைய 100 பேர். அடுத்த வருடம் செப்டம்பர் 12இல் அரசமைப்பு. ஒரே நாணயச் சட்டம் அதற்கும் பிறகு, 1850இல்.

வில்லியம் டெல்

மகன் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பெய்து வீழ்த்திய வீரன் கதை. சான்று இல்லை. வேண்டாம்.

கூட்டமைப்பு, கூட்டாட்சி

இரண்டும் ஒன்றல்ல. முன்னது தனித்தனி அரசுகளின் கூட்டு; பின்னது மாநிலங்களும் மைய அரசும் அதிகாரத்தைப் பகிரும் ஒரே நாடு. 1848 முதல் அது கூட்டாட்சி. பெயர் மட்டும் பழசு: கார்களில் ஒட்டியிருக்கும் 'சிஎச்', ஹெல்வெட்டியக் கூட்டமைப்பு என்ற லத்தீன் பெயரின் சுருக்கம். அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன்.