நிழலை அளந்து கிளம்புவோம்: கத்திரி வெயிலில் ஒரு காலை உலா

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "எங்கப்பா போறோம்?" என்பதுதான். கொடைக்கானலுக்கு எல்லோராலும் போக முடியாது. அதற்காக மே மாதம் முழுக்க ஏசி அறையில் செல்போனும் கையுமாகப் பிள்ளைகளை விடவும் மனசு வரவில்லை. மதுரையில் இருந்துகொண்டே, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள், உடம்பு கெடாமல் வெளியே போய்வரக் கற்றுக்கொண்டதை முதன்முதலாகக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நேரம்

இடத்தைவிட நேரம் முக்கியம். மூன்று வருடத்துக்கு முன் காலை எட்டரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, ஒன்பதரைக்குப் பாறையில் ஏறினோம். இறங்கும்போது சின்னவளுக்குத் தலைவலி, வாந்தி. அன்றைக்கு முழுக்க அவளை ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்திருந்தோம். தவறு மலையில் இல்லை, நாங்கள் கிளம்பிய நேரத்தில்தான்.

மே மாதம் மதுரையில் சூரியன் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உதிக்கும். ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது இடத்தில் இருக்கலாம். திரும்புவது எப்போது? அதைக் கடிகாரத்தைவிட நிழல் தெளிவாகச் சொல்லும். சமதரையில் நேராக நின்று, உங்கள் நிழலின் தலை விழும் இடத்தைக் குறித்துவிட்டு, அடி மேல் அடி வைத்து அளந்து பாருங்கள். அந்தக் காலத்தில் ஊர்ப்பெரியவர்கள் இப்படித்தான் நேரம் சொன்னார்கள். பெரும்பாலும் ஒருவருடைய உயரம் அவர் காலடியில் ஆறரை முதல் ஏழு வரை இருக்கும்.

நிழல் உங்கள் காலடியில் பதின்மூன்று, அதாவது உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள். மே மாதத்தில் இது ஏறக்குறைய எட்டு மணி. ஆறரைக் காலடிக்கு, அதாவது உங்கள் உயரத்துக்குச் சமமாகக் குறுகும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். அப்போது வீட்டுக்குள்ளோ மரத்தடியிலோ இருக்க வேண்டும். நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிரின் கடுமை கூடிவிட்டது என்று அர்த்தம். இந்த அளவைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். "அப்பா, பதினாலு வந்துருச்சு" என்று அவர்களே எச்சரிப்பார்கள்.

அடுத்தது இடம்

முதல்முறைக்கு நான் சொல்வது கீழக்குயில்குடி சமணர் மலை. நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், விழுது இறங்கிய ஆலமரம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் கொஞ்ச தூரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். அங்கே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்தைக் காலைச் சாய்வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். வெட்டெழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுவதால் ஒவ்வொரு எழுத்தும் எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே பாறை வெறும் வெளுப்பாகத் தெரியும். கையால் தேய்ப்பது, மேலே சுண்ணக்கட்டியால் எழுதுவது எதுவும் வேண்டாம்.

மலையில் ஏற முடியாத பெரியவர்கள் வந்தால் குளத்தங்கரையிலேயே இருக்கட்டும். எங்கள் அப்பத்தா ஆலமரத்தடியில் உட்கார்ந்து, நாங்கள் இறங்கி வருவதற்குள் நாலு பேரிடம் ஊர்க்கதை கேட்டு வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நோட்டைக் கொடுங்கள். மீன்கொத்தி, மயில், செண்பகம் என்று பார்த்ததையெல்லாம் எழுதட்டும்.

சாயங்காலம் மலைக்குப் போகாதீர்கள். பகலெல்லாம் குடித்த சூட்டைப் பாறை இரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்கு வண்டியூர் தெப்பக்குளம்தான் சரி. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. ஒரு சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஐந்தரைக்கு மேல் போங்கள். வண்டிகள் போகிற சாலை என்பதால் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

முந்தின ராத்திரி எடுத்து வைக்க வேண்டியது

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாட்டிலின் மேல் நனைத்த பருத்தித்துணியைச் சுற்றிவிடுங்கள். மதுரைக் காற்று காய்ந்தது. துணி காயக் காயத் தண்ணீர் குளிரும். (கடற்கரை ஊர்களில் புழுக்கம் அதிகம் என்பதால் இது அவ்வளவாக எடுபடாது.) வெளிர் நிறத்தில் தளர்வான பருத்திச் சட்டை, தொப்பி அல்லது தலையில் போட ஒரு துண்டு, பிடிப்புள்ள செருப்பு.

நீர்மோர் ஒரு தூக்கு நிறைய வேண்டும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்டு, உப்பும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் சேர்த்தால் போதும். கிளம்பும்போது வெறும் வயிறு வேண்டாம், ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். இறங்கியபின் ஆலமரத்தடியில் சாப்பிடப் புளியோதரை நல்லது. தேங்காய்ச் சட்னி இந்த வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்குக் குடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டில் பிள்ளைகளுக்குத் தாகமே மறந்துபோகும்.

உடம்பைப் பழக்குவது

பள்ளி முடிந்த மறுநாளே ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டாம். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் சில நாட்கள் வீட்டுத் தெருவிலேயே காலையில் இருபது நிமிடம் நடங்கள். பிறகு நாற்பது. அதற்கப்புறம் மலை. பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்து, படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடி கரைத்துக் கொடுக்கலாம். பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பேச்சுக் குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, மயங்குகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காரில் போகிறவர்கள், "ரெண்டு நிமிஷம்தானே" என்று பிள்ளையைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

திரும்பும் வழியில்

ரோட்டோரம் நுங்கு வெட்டுகிறவரிடம், "இளசாப் பார்த்துக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். பெருவிரலால் நோண்டினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். விரல் இறங்காமல் கெட்டியாக இருந்தால் அது முற்றிய நுங்கு, கடுக்காய் என்பார்கள், பிள்ளைகளுக்கு வயிற்றை வலிக்கும். வெட்டிய இடத்திலேயே சாப்பிடுவது நல்லது.

காலி மட்டையில் இரண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு குச்சியின் இரு முனையிலும் அவற்றைச் செருகி, நடுவில் கவட்டைக் கம்பு கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. பத்து மணிக்கு மேல் வெளியே அனல் அடிக்கும்போது, எங்கள் வீட்டுத் திண்ணையில் அதுதான் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.